இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன்: அன்றைய இரவு வலியைத் தணிக்கும் 'நரம்பு பிளாக்' ஊசி எப்படி வேலை செய்கிறது?

திருவிடைமருதூர், ஆடுதுறை, திருபுவனம் பக்கம் வயதானவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் கதை ஒன்று இருக்கும். விடியற்காலையில் பாத்ரூம் போன பாட்டி ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார், கால் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது, எழவே முடியவில்லை. அல்லது, நடவு வேலை, நெசவு வேலை என்று உழைத்த ஒருவருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து, நாலு அடி நடந்தாலே உயிர் போகிற வலி. கடைசியில் டாக்டர் சொல்வது ஒன்றுதான்: "மூட்டு மாத்தணும்."

இதைக் கேட்டதும் வீட்டில் எழும் முதல் கேள்வி செலவு பற்றியது. இரண்டாவது கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. "ஆபரேஷன் முடிஞ்சதும் அந்த வலியை இந்த வயசுல தாங்குவாங்களா?"

இந்த இரண்டாவது கேள்விக்கு மயக்க மருத்துவர்கள் இன்று தரும் பதில்களில் ஒன்றுதான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்துப் போடப்படும் 'நரம்பு பிளாக்' ஊசி. இது என்ன, எப்படிப் போடுகிறார்கள், எவ்வளவு நேரம் பலன் தரும், ஆபத்து உண்டா? விரிவாகப் பார்க்கலாம்.

மாற்றப்படுவது எது?

இடுப்பு மூட்டு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் மேல்முனை பந்து, இடுப்பு எலும்பில் இருக்கும் குழி கிண்ணம். பந்தையும் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றினால் முழு மூட்டு மாற்று. பந்தை மட்டும் மாற்றினால் பாதி மூட்டு மாற்று. விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த வயதானவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள்.

'புத்தூர் கட்டு போட்டுப் பார்க்கலாமே' என்று ஊரில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். கை எலும்பும் தொடை எலும்பின் கழுத்தும் ஒன்றல்ல. அந்தக் கழுத்து முறிந்து விலகினால் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுந்துவிடலாம். வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது திரும்ப வராது. வாரக்கணக்கில் கட்டுடன் படுத்திருந்துவிட்டு வருபவர்களுக்கு ஆபரேஷன் இன்னும் சிக்கலாகிறது.

விழாமலே மூட்டு கெடுபவர்களும் இருக்கிறார்கள். வயதால் தேய்மானம், முடக்குவாதம், அதிக மது, நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து என்று காரணங்கள் பல. கடைசி இரண்டும் பந்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து எலும்பையே சாகடிக்கும். 30, 40 வயதுக்காரர்களும் இந்த ஆபரேஷனுக்கு வருவதற்கு இது முக்கியக் காரணம்.

இன்று உலகம் முழுவதும் நடக்கும் இடுப்பு மாற்று ஆபரேஷனுக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையைச் சேர்ந்த சர் ஜான் சார்ன்லி. உலோகப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம், எலும்பு சிமென்ட் என்ற அவருடைய வடிவம் 1962-இல் வந்தது. மூட்டை மாற்றும் வித்தை அப்போதே கைவந்துவிட்டது. அன்றைய இரவு வலியை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடுவது மட்டும் இன்னும் முடியவில்லை.

வலியைப் பொறுத்துக்கொண்டால் என்ன?

'ஒரு நாள், ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோ' என்பது நம் வீடுகளில் வழக்கம். வயதானவர்களும் 'டாக்டருக்குத் தொந்தரவு எதுக்கு' என்று சும்மா இருந்துவிடுவார்கள். இந்த ஆபரேஷனில் அதுதான் பெரிய தவறு.

ஆபரேஷன் முடிந்த அன்றோ, மறுநாளோ நோயாளியை வாக்கர் பிடித்து நிற்க வைக்க வேண்டும். வலி இருந்தால் அவர் அசைய மாட்டார். அசையாமல் படுத்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சை இழுத்துவிட, இரும பயந்தால் சளி தேங்கி நிமோனியா வரும். முதுகில் படுக்கைப்புண் வரும். தூக்கமும் போய், வலியும் சேர்ந்தால், நேற்று வரை தெளிவாகப் பேசிய தாத்தா பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் உளறக்கூடும். வலி மருந்து என்பது சொகுசுக்காகக் கொடுப்பதல்ல.

அப்படியென்றால் பலமான வலி மருந்து கொடுத்தால் போதாதா? அங்கேதான் சிக்கல். மார்பின் போன்ற மருந்துகள் வலியை நன்றாகக் குறைக்கும். கூடவே வாந்தி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மயக்கம், குழப்பம் என்று எல்லாவற்றையும் கொண்டுவரும். அளவு கூடினால் மூச்சு மந்தமாகும். 75 வயது உடம்புக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இந்தியாவில் இன்னொரு தடையும் உண்டு. மார்பின், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. மருத்துவத் தேவைக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் சின்ன ஊர் மருத்துவமனைகளில் அதை வாங்கி, கணக்கு எழுதி வைத்திருக்கப் பலரும் தயங்குகிறார்கள். அதற்குப் பதிலாக அதிகம் பயன்பட்ட டிரமடாலும் 2018-இல் அதே சட்டத்துக்குள் வந்துவிட்டது.

டைக்ளோஃபினாக் வகை ஊசி எல்லா ஊரிலும் கிடைக்கும். ஆனால் சர்க்கரை, பிரஷர் என்று ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அதைத் தாராளமாகப் போட முடியாது. ஆக, வலியை மூளைக்குப் போகும் வழியிலேயே நிறுத்தினால் என்ன என்ற யோசனை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

'பிளாக்' என்றால் என்ன?

வலி என்பது மூட்டிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகும் ஒரு செய்தி. நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தை விட்டால் சில மணி நேரத்துக்கு அந்தச் செய்தி போகாது. பல் பிடுங்கும்போது தாடையில் போடும் ஊசியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்த மருந்து சொத்தைப் பல்லுக்கு. இந்த மருந்து இடுப்புக்கு. அவ்வளவுதான்.

இதையும் 'முதுகுல போடுற ஊசி'யையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முதுகில் போடுவது ஸ்பைனல். ஆபரேஷன் நடக்கும்போது இடுப்புக்குக் கீழே மொத்தமும் மரத்துப்போக அது. பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில் அதன் வேகம் தணிந்துவிடும். அது இறங்கியபின் வரும் வலிக்குத்தான் நரம்பு பிளாக். ஒன்று ஆபரேஷனுக்கு, மற்றொன்று அதற்குப் பிந்தைய இரவுக்கு. பல இடங்களில் இரண்டையும் ஒருவருக்கே போடுகிறார்கள்.

விழுந்து எலும்பு முறிந்து வந்தவருக்கு பிளாக்கை ஆபரேஷனுக்கு முன்பே போடுவதும் உண்டு. முறிந்த காலோடு அவரைப் புரட்டி, உட்கார வைத்து ஸ்பைனல் போடுவது பெரும் வேதனை. பிளாக் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் அந்த வேதனை வெகுவாகக் குறையும். இங்கிலாந்தின் தேசிய சுகாதார வழிகாட்டு அமைப்பான நைஸ், இடுப்பு எலும்பு முறிவுக்கு பாராசிட்டமாலும் மார்பின் வகை மருந்தும் போதாதபோது நரம்பு பிளாக்கைப் பரிசீலிக்கலாம் என்று 2011-லேயே சொல்லிவிட்டது.

ஸ்கேன் எதற்கு?

முன்பெல்லாம் நரம்பைக் கண்டுபிடிக்க டாக்டருக்குத் துணை அவருடைய விரலும் அனுபவமும்தான். எலும்பைத் தடவி, நாடித் துடிப்பைப் பார்த்து, 'இங்கேதான் இருக்கணும்' என்று ஊசியை இறக்குவார். பிறகு சிறு மின்சாரம் கொடுத்துத் தசை துடிக்கிறதா என்று பார்க்கும் கருவி வந்தது. இரண்டிலும் ஊசி முனை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை.

1994-இல் ஆஸ்திரியாவின் வியன்னா பல்கலைக்கழக மருத்துவர்கள், தோள்பட்டைக்கு மேலே உள்ள நரம்புக் கூட்டத்தை அல்ட்ராசவுண்டில் நேரடியாகப் பார்த்தபடி ஊசி போட்டு அதை வெளியிட்டார்கள். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. உடலின் ஒரு பகுதியை மட்டும் மருந்தால் மரத்துப்போகச் செய்யலாம் என்று 1884-இல் கார்ல் கொல்லர் கண் ஆபரேஷனில் காட்டியதும் இதே வியன்னாவில்தான். நடுவில் சரியாக 110 ஆண்டுகள்.

அல்ட்ராசவுண்ட் என்பது கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே ஸ்கேன்தான். காதுக்குக் கேட்காத ஒலி அலை உள்ளே போய் எதிரொலித்துப் படமாகிறது. எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு கிடையாது. திரையில் ரத்தக் குழாய் கறுப்பு வட்டமாகத் தெரியும். எலும்பு வெள்ளைக் கோடு. நரம்பு தேன்கூடு மாதிரி. ஊசி பளிச்சென்று ஒரு கோடாக நகர்ந்து வரும். மருந்து பரவுவதையும் அப்போதே பார்க்கலாம். தவறான இடத்தில் பரவினால் அங்கேயே நிறுத்தி, ஊசியைச் சரிசெய்து தொடரலாம். இந்த ஒரு வசதிதான் எல்லாவற்றையும் மாற்றியது.

இடுப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

மணிக்கட்டிலோ பாதத்திலோ எந்த நரம்பை நிறுத்த வேண்டும் என்பது ஓரளவு தெளிவு. இடுப்பு மூட்டு அப்படியில்லை. காவிரி டெல்டாவில் ஒரே வயலுக்கு நாலு வாய்க்காலில் தண்ணீர் வருவது போல, இந்த மூட்டுக்குப் பல நரம்புகளிலிருந்து கிளைகள் வருகின்றன. முன்பக்க உறைக்குத் தொடை நரம்பும் ஆப்டுரேட்டர் நரம்பும். பின்பக்கத்துக்கு சயாட்டிக் உள்ளிட்ட வேறு நரம்புகள். தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு இன்னொன்று. ஒரு மடையை அடைத்தால் மற்ற மடைகளில் வந்துகொண்டே இருக்கும்.

வலியை உணரும் நரம்பு நுனிகள் மூட்டின் முன்பக்க உறையில்தான் அதிகம். அதனால் மருத்துவர்கள் முன்பக்கத்தைக் குறிவைக்கிறார்கள். இதற்கு இன்று இரண்டு பிளாக்குகள் அதிகம் பேசப்படுகின்றன.

முதலாவது ஃபேசியா இலியாக்கா பிளாக். இடுப்பின் உள்ளே ஒரு தசையை மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறைக்கும் தசைக்கும் நடுவே 30 முதல் 40 மில்லி மருந்தை விட்டால், அது பரவி அங்கே ஓடும் நரம்புகளைத் தொடும். பிரான்சைச் சேர்ந்த டேலன்ஸ் குழு 1989-இல் இதைக் குழந்தைகளிடம் செய்து காட்டியது. அரை (இடுப்பு மடிப்பு) பகுதிக்குக் கீழே போடுவதைவிட மேலே போட்டால் மருந்து நன்றாகப் பரவுகிறது என்று பிறகு தெரியவர, அந்த முறை பிரபலமானது. ஸ்கேனில் இரண்டு தசைகள் சந்திக்கும் இடம் கழுத்தில் கட்டும் 'போ-டை' போலத் தெரியும். டாக்டர்கள் தேடுவது அந்த உருவத்தைத்தான்.

இதில் ஒரு குறை. தொடை நரம்பும் சேர்ந்தே மரத்துவிடும். முட்டியை நீட்ட உதவும் முன்தொடைத் தசை அந்த நரம்பின் பிடியில் இருக்கிறது. வலி போய்விட்டதே என்று நோயாளி எழுந்து நிற்பார், கால் மடங்கி மறுபடியும் விழுவார். புது மூட்டு போட்ட அன்றே விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குறைக்கு விடையாக 2018-இல் கனடாவின் டொரன்டோவிலிருந்து வந்தது பெங் பிளாக். மூட்டு உறையைச் சுற்றியுள்ள நரம்புக் கிளைகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே இந்தப் பெயர். கட்டுரையை எழுதிய குழுவில் இருந்த ஒரு டாக்டரின் பெயரும் பெங் என்பது தற்செயலா, வேண்டுமென்றேவா என்று மயக்க மருத்துவர்கள் இன்றும் சிரித்துக்கொள்வார்கள். இந்த முறையில் பெரிய நரம்பைத் தொடுவதில்லை. இடுப்பு எலும்பின் முன்பக்க மேட்டுக்கும் அதன்மேல் ஓடும் தசைநாணுக்கும் நடுவே சுமார் 20 மில்லி மருந்தை விடுகிறார்கள். மூட்டுக்குப் போகும் சின்னக் கிளைகள் மட்டும் மரத்துப்போகும். காலின் பலம் பெரும்பாலும் மிஞ்சும்.

முதல் கட்டுரையில் இருந்தது வெறும் 5 நோயாளிகள். ஆனால் சில ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. சிலி நாட்டில் இடுப்பு மாற்று செய்துகொண்ட 40 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வில், 3 மணி நேரம் கழித்து முன்தொடைத் தசை பலவீனமாக இருந்தவர்கள் ஃபேசியா இலியாக்கா பிரிவில் 90%, பெங் பிரிவில் 45%. பாதியாகக் குறைந்திருக்கிறது, பூஜ்யம் ஆகவில்லை. ஆகவே பெங் பிளாக் போட்டாலும் ஆள் துணை இல்லாமல் எழக் கூடாது என்ற விதி மாறாது.

எப்படிப் போடுகிறார்கள்?

நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். கையில் டிரிப்ஸ், மார்பில் இசிஜி ஒயர், விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப், கையில் பிரஷர் பட்டை. எந்தக் கால் என்பதை மார்க்கர் பேனாவால் குறிப்பார்கள், மறுபடியும் கேட்பார்கள். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்கிறார்களே என்று எரிச்சல்பட வேண்டாம். தவறான பக்கத்தில் பிளாக் போடுவது உலகம் முழுக்க நடக்கும் தவறு. அதைத் தடுக்கவே 'ஊசி போடும் முன் ஒரு நொடி நில்' என்று இங்கிலாந்தில் தனி இயக்கமே நடத்தினார்கள்.

தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, ஜெல் தடவி, ஸ்கேன் கருவியை அரைப் பகுதியில் வைப்பார்கள். தோலில் முதலில் ஒரு சின்ன மரப்பு ஊசி. பிறகு நீளமான ஊசி பக்கவாட்டிலிருந்து மெதுவாக உள்ளே போகும். கொஞ்சம் அழுத்துவது போலத் தெரியும். மருந்தை ஒரே மூச்சில் விடமாட்டார்கள். சில மில்லி விடுவார்கள், சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள், மறுபடி சில மில்லி. 'காலில் ஷாக் அடிக்கிற மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க' என்பார்கள். அதை மட்டும் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். பழகிய கைக்கு எல்லாம் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மருந்து வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம்.

மருந்து பெரும்பாலும் பியூபிவகெய்ன் அல்லது ரோபிவகெய்ன். உடல் எடையைப் பார்த்துத்தான் அளவு. உதாரணமாக, ரோபிவகெய்னுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராம். 40 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு 120 மில்லிகிராம்தான் எல்லை. 80 கிலோ ஆளுக்குப் போடும் அளவை இவருக்குப் போட முடியாது. டெல்டாவின் மெலிந்த உடம்புக்காரப் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

ஒரு முறை போடும் ஊசி பொதுவாக அரை நாளிலிருந்து ஒரு நாள்வரை உதவும். ஆளுக்கு ஆள் மாறும். மெல்லிய குழாயை உள்ளேயே வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும் முறையும் உண்டு. அதற்குக் கூடுதல் கவனிப்பு தேவை.

பலரும் ஏமாறும் இடம் இதுதான். பிளாக் இறங்கும்போது வலி திடீரென்று ஏறும். அது நள்ளிரவு 2 மணியாக இருக்கலாம். வார்டில் ஒரே ஒரு நர்ஸ் இருக்கலாம். அதனால் 'இப்ப வலி இல்லையே, மாத்திரை எதுக்கு' என்று தள்ளிப்போடாமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்கு பாராசிட்டமாலையும் மற்ற மருந்துகளையும் எடுக்க வேண்டும். வலி ஏறிய பிறகு விரட்டுவது கஷ்டம்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். பிளாக் போட்டால் வலியே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பின்பக்கமாக வெட்டி ஆபரேஷன் செய்தால் அந்தத் தோலும் தசையும் முன்பக்க பிளாக்குக்குள் வராது. நோக்கம் வலியைத் தாங்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவருவது, மார்பின் தேவையைக் குறைப்பது. ஆபரேஷன் வலிக்கு வழிகாட்டும் ஐரோப்பிய நிபுணர் குழுவான ப்ராஸ்பெக்ட், இடுப்பு மாற்றுக்கு 2021-இல் வெளியிட்ட பரிந்துரையில் பாராசிட்டமால், வீக்கம் குறைக்கும் மருந்து, டெக்சாமெத்தசோன் ஆகியவற்றை அடிப்படையாக வைத்தது. அதோடு ஃபேசியா இலியாக்கா பிளாக், இல்லையென்றால் ஆபரேஷன் டாக்டரே மூட்டைச் சுற்றி மரப்பு மருந்தைச் செலுத்துவது. இரண்டில் ஒன்று போதும் என்கிறது அது. ஆகவே 'எங்களுக்கு பிளாக் போடலையே' என்று பதற வேண்டாம். பதிலுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டால் போதும்.

ஆபத்து உண்டா?

உண்டு, ஆனால் அரிது. பெரிதாகப் பயப்படுவது மருந்து தவறி ரத்தத்தில் கலப்பதற்கு. நாக்கில் இரும்புச் சுவை, உதடு மரத்துப்போதல், காதில் ரீங்காரம், பிறகு வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று போகலாம். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. பார்க்கப் பால் போல இருக்கும் 20% கொழுப்புத் திரவம். அமெரிக்க மருத்துவர் கை வைன்பெர்க் 1998-இல் எலிகளிடம் இதைக் கண்டறிந்தார். 2006-இல் ஒரு மனிதர் இதனால் பிழைத்தது பதிவானது. பிளாக் போடும் எந்த இடத்திலும் இந்த பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மயக்கவியல் துறையின் விதி.

ஊசி நரம்பைக் குத்தி நீண்ட நாள் மரப்பு நிற்பது மிக மிக அரிது. ஊசி போட்ட இடத்தில் ரத்தக் கட்டு, கிருமித் தொற்று வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், குறிப்பாக இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், அதை முன்பே சொல்லிவிட வேண்டும். தாங்களாகவே நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. க்ளோபிடோகிரெல், வார்ஃபரின் என்று பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோனால் போதும். நாட்டு மருந்து, 'மூட்டு வலிப் பொடி' சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

ஸ்கேன் மெஷினுக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

வெளிநாட்டு டாக்டர்களிடம் சொன்னால் ஆச்சரியப்படும் விஷயம் இது. இந்தியாவில் இடுப்பில் ஊசி போட ஸ்கேன் கருவி வாங்கினாலும், அதைக் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் பதிவு செய்தாக வேண்டும். 1994-இல் வந்து, 1996 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் சட்டம் அது. நோயாளி 80 வயது தாத்தாவாக இருந்தாலும் விலக்கு இல்லை. கருவியைப் பயன்படுத்துபவரின் பெயர், இடம் எல்லாம் பதிவாக வேண்டும். கையில் தூக்கிச் செல்லும் சின்ன ஸ்கேன் கருவியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எடுத்துப்போய்ப் பயன்படுத்த முடியாது.

பெண் குழந்தைகளைக் கருவிலேயே அழித்த கொடுமையைத் தடுக்க வந்த சட்டம். தமிழ்நாடும் அந்தக் கொடுமையைக் கண்ட மாநிலம்தான் என்பதால் அதன் அவசியத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நடைமுறையில், காலையில் ஓர் ஊரிலும் மாலையில் இன்னோர் ஊரிலும் வேலை பார்க்கும் மயக்க மருத்துவர் தன் கருவியைக் கையோடு கொண்டுபோக முடியாது. மருத்துவமனையே கருவி வாங்கிப் பதிவு செய்திருந்தால்தான் பிளாக். சின்ன ஊர்களில் இந்த வசதி மெதுவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்ம ஊர்க்காரர்கள் எங்கே போகலாம்?

தமிழ்நாட்டில் இந்தத் துறையைப் பற்றிப் பேசினால் கோவை கங்கா மருத்துவமனையைச் சொல்லாமல் இருக்க முடியாது. எலும்பு ஆபரேஷனுக்குப் பெயர்பெற்ற அதைத் தொடங்கியவர் ஜே.ஜி. சண்முகநாதன் என்ற மயக்க மருத்துவர். நரம்பு பிளாக் கற்றுக்கொள்ள மற்ற மாநிலங்களிலிருந்தும் மருத்துவர்கள் அங்கே வருகிறார்கள்.

திருவிடைமருதூர் வட்டாரத்துக்குப் பக்கத்தில் கும்பகோணத்தில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து சுமார் 40 கி.மீ. போனால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டையோடு மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேட்கலாம். பொதுவான தகவலுக்கு 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. தனியாரில் பிளாக்குக்குத் தனி பில் வருமா, பேக்கேஜுக்குள் வருமா என்பதை அட்மிட் ஆகும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பிறகு கேட்டால் சண்டைதான்.

மயக்க மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

நம் ஊரில் ஆபரேஷன் டாக்டரிடம் அரை மணி நேரம் பேசுவோம், மயக்க மருத்துவரிடம் இரண்டு வார்த்தை பேச மாட்டோம். அவர் யார் என்றே பல குடும்பங்களுக்குத் தெரியாது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் அவர் வந்து பார்ப்பார். 'ஆபரேஷனுக்கப்புறம் வலிக்கு என்ன பண்ணப் போறீங்க டாக்டர்? அம்மாவுக்கு பிளாக் போட முடியுமா? போட்டா கால் எவ்வளவு நேரம் மரத்திருக்கும்? எப்ப நிக்க வைக்கலாம்?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

வெறும் வயிறு விஷயத்திலும் குழப்பம் வருகிறது. பொதுவாகத் திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பாட்டியைக் காயப்போடுவது நல்லதல்ல. அந்த மருத்துவமனையில் சொன்ன நேரத்தைக் கேட்டு அதன்படி செய்தால் போதும்.

வார்டுக்கு வந்த பிறகு நர்ஸ் வலியை நம்பரில் கேட்பார். '0னா வலியே இல்ல, 10னா தாங்கவே முடியல. உங்களுக்கு எவ்வளவு?' என்று. பக்கத்துப் படுக்கைக்காரர் முன்னால் கௌரவம் பார்த்து '2' என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் முனகுபவர்கள் நிறைய. படுத்திருக்கும்போது ஒரு நம்பர், காலை அசைக்கும்போது ஒரு நம்பர் என்று இரண்டையும் சொல்லலாம். இரண்டாவதுதான் டாக்டருக்கு அதிகம் உதவும்.

மரத்திருக்கும் காலில் வெந்நீர் ஒத்தடம் வைக்கக் கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும். குதிகால் ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டே இருக்கவும் விடக்கூடாது. முதல் முறை எழும்போது பிசியோதெரபிஸ்ட்டோ நர்ஸோ பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றரை நாள் கழித்தும் மரப்பு குறையவே இல்லை, கால் அசையவில்லை, மூச்சு வாங்குகிறது, கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது என்றால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அப்போதே டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டும்.